நிலக்கரிச் சுரங்கம் வரப்போகும் இடம்: சீமுக்கு (நிலக்கரி அடுக்குக்கு) கீழே இருக்கும் நீரை எப்படிக் கணக்கில் எடுப்பது?

கேள்வி: கோர்ப்பெட்டி

திறந்தவெளிச் சுரங்கத்துக்கான நிலத்தடி நீர் ஆய்வு இது. மேலே 12 மீ வண்டலும் களிமண்ணும். பிறகு மணற்கல்லும் ஷேலும் (நீர் எளிதில் புகாத களிப்பாறை) மாறி மாறி வருகின்றன. 6 மீ தடிமனுள்ள நிலக்கரி சீமின் அடி 72 மீட்டரில் இருக்கிறது. அதற்குக் கீழே 8 மீ ஷேல், அப்புறம் பருமணல் மணற்கல். ஆய்வுக்காகத் துளைத்த பெரும்பாலான போர்கள் சீமைத் தாண்டி 3 மீட்டரிலேயே நின்றுவிட்டன. கீழ் மணற்கல்லைத் தொட்டவை இரண்டுதான். அந்த இரண்டிலும் நீர்மட்டம் தரையிலிருந்து 18 மீட்டரில் நிற்கிறது. கிழக்கு ஓரத்தில் ஒரு ஃபால்ட் (பாறை உடைந்து விலகிய பிளவு) உண்டு. மேல் மணற்கல்லில் ஒரு பம்பிங் டெஸ்ட் (நீரை இறைத்து மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது) செய்தால் போதுமா?

பதில் 1: நீரழுத்தம்

போதாது. மேலே இருக்கும் நீர் குழிக்குள் கசிந்து வரும், அதை சம்ப் குழியில் சேர்த்து இறைத்துவிடலாம். கீழே இருக்கும் நீர் குழியின் தரையையே தூக்கிவிடும்.

உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். கீழ் மணற்கல்லின் மேல்முகம் 80 மீட்டரில், அழுத்த மட்டம் (போரில் நீர் ஏறி நிற்கும் மட்டம்) 18 மீட்டரில். ஆக 62 மீ நீர் உயரம், ஒரு சதுர மீட்டருக்கு 62 டன் மேல்நோக்கிய அழுத்தம். சீமை எடுத்த பிறகு அதை அமுக்கிப் பிடிக்க மிஞ்சுவது 8 மீ ஷேல் மட்டும். அடர்த்தி 2.2 என்று கொண்டால் 17.6 டன். தரை நிற்காது.

பாதுகாப்புக் காரணி 1.2 வேண்டுமென்றால் நீர் உயரம் 14.7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது அழுத்த மட்டத்தைச் சுமார் 47 மீ இறக்க வேண்டும். இதைக் குழி ஆழமாவதற்கு முன்பே கிணறுகள் போட்டு இறைத்துச் செய்ய வேண்டும். ஷேல் எங்காவது 5 மீட்டராக மெலிந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் சில போர்களையாவது கீழ் மணற்கல்லுக்குள் இறக்கி, ஷேலின் தடிமனுக்குத் தனி வரைபடம் போடுங்கள்.

பதில் 2: இறைப்புச்சோதனை

முதலில் நான்கு படி ஸ்டெப் டெஸ்ட் (படிப்படியாக இறைப்பு வேகத்தைக் கூட்டுவது), படிக்கு 100 நிமிடம். பிறகு கீழ் மணற்கல்லில் ஒரே வேகத்தில் 72 மணி நேரம் இறைப்பு. அதன் பின் மீட்சியையும், அதாவது இறைப்பை நிறுத்தியதும் மட்டம் திரும்ப ஏறுவதையும், விடாமல் அளக்க வேண்டும். ஜெனரேட்டர் நடுவில் நின்றால் வேகம் மாறி வளைவு கெட்டுவிடும், ஆனால் மீட்சி அளவீடு பெரும்பாலும் தப்பிக்கும்.

கவனிப்புக் கிணறுகள் 15, 50, 150 மீட்டரில் இருக்கட்டும். ஃபால்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று கட்டாயம். மட்டம் இறங்குவதை, நேரத்தை லாக் அளவில் வைத்து வரையும்போது கோட்டின் சரிவு இரண்டு மடங்கானால் ஃபால்ட் தடுப்புச் சுவர்போல நிற்கிறது என்று கொள்ளலாம். கோடு தட்டையானால் எங்கிருந்தோ நீர் ஊட்டம் வருகிறது: ஃபால்ட் வழியாகவோ, ஷேல் வழியாகக் கசிந்தோ. மேல் மணற்கல்லிலும் சீமிலும் ஒவ்வொரு பீசோமீட்டர் (ஒரே அடுக்கின் நீரழுத்தத்தை மட்டும் அளக்கும் குழாய்) இருந்தால்தான் எது என்று பிரித்தறியலாம். சீமையும் நீர் புகாத அடுக்கு என்று எழுதிவிடாதீர்கள். கிளீட் எனப்படும் நிலக்கரியின் இயற்கை வெடிப்புகள் வழியாக நன்றாகவே நீர் ஓடும்.

கோர்ப்பெட்டி

அந்த இரண்டு போர்களிலும் மேலே கொஞ்சதூரம்தான் கேசிங் (துளைச்சுவரைத் தாங்கும் குழாய்). கீழே முழுக்கத் திறந்த துளை. 18 மீட்டரை நம்பலாமா?

பதில் 3: பெண்டோனைட்

நம்பக்கூடாது. திறந்த துளையில் நீங்கள் அளப்பது எல்லா அடுக்குகளும் கலந்த மட்டம். கீழே அழுத்தம் அதிகமென்றால் நீர் ஏறி மேல் மணற்கல்லுக்குள் வடியும், அளவு குறைத்தே காட்டும். உண்மையான அழுத்தம் 62 மீட்டருக்கும் மேலே இருக்கலாம்.

கீழ் மணற்கல்லுக்கென்று தனி பீசோமீட்டர் போடுங்கள். 3 மீ வடிகுழாய் (நீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்), அதற்கு மேல் அரை மீட்டரிலிருந்து 1 மீ வரை வடிமணல், பிறகு 2 மீ பெண்டோனைட் உருண்டை (நீரில் ஊறிப் பருத்துத் துளையை அடைக்கும் களிமண்). அது ஊறிய பிறகுதான் சிமெண்ட்-பெண்டோனைட் கிரவுட் (துளையை அடைக்க ஊற்றும் குழம்பு). ஊறுவதற்குள் கிரவுட் ஊற்றினால் அது மணலுக்குள் இறங்கி வடிகுழாயை அடைத்துவிடும். இந்த பெண்டோனைட் சீல் (அடைப்பு) ஷேலுக்கு நேராக அமைய வேண்டும், வடிமணல் ஷேலைத் தாண்டி மேலே போனால் மறுபடியும் கலப்பு மட்டம்தான்.

பழைய போர்களை ட்ரெமி குழாயால் (குழம்பைத் துளையின் அடிவரை கொண்டுபோகும் குழாய்) அடியிலிருந்து மேலாக கிரவுட் செய்யுங்கள். 96 மிமீ துளை 80 மீ ஆழத்துக்கு ஏறக்குறைய 580 லிட்டர் பிடிக்கும். அதைவிட நிறையக் குறைந்தால் நடுவில் அடைத்துக்கொண்டு வெற்றிடம் விழுந்திருக்கிறது. எக்கச்சக்கமாகக் குடித்தால் வெடிப்புக்குள் போகிறது. அடைக்காமல் விட்ட துளை, குழி அந்த இடத்தை எட்டும்போது ஊற்றாகப் பீறிடும்.

கீழ் மணற்கல் நீரை மாதிரி எடுக்கும்போது pH, சல்பேட், இரும்பு, உப்புத்தன்மை நான்கையும் சேர்த்துப் பாருங்கள். இறைத்த நீரை எங்கே விடுவது என்பதை அவைதான் தீர்மானிக்கும். மட்டங்களைக் குறைந்தது ஓர் ஆண்டு, மழைக்காலமும் வறண்ட காலமும் அடங்கும்படி பதிவு செய்யுங்கள்.