ஃபேக்ஸில் வந்த ஃப்ரான்சைஸ் அக்ரிமென்ட் செல்லுமா? (கிருஷ்ணகிரி)

கேள்வி: கிருஷ்ணகிரியில் டீக்கடை ஃப்ரான்சைஸ், கம்பெனி பெங்களூரு. நான் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினேன், அவங்க கையெழுத்தோட ஃபேக்ஸிலேயே திரும்பி வந்தது. ஒரிஜினல் கேட்டா, கையெழுத்துப் படம் ஒட்டின பிடிஎஃப் தர்றோம்ங்கறாங்க. நம்பி டெபாசிட் கட்டலாமா?

பதில் 1: ஒப்பந்தம் செல்லும்ங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவுப்படி, மின்னணு வழியில் ஆச்சுங்கறதுக்காக மட்டும் செல்லாதுன்னு தள்ள முடியாது. நாளைக்கு "இது எங்க கையெழுத்தே இல்ல"ன்னு சொன்னா நிரூபிக்கறதுதான் பாடு. தெர்மல் பேப்பர்னா (சூட்டுல எழுத்து பதியற ஃபேக்ஸ் தாள்) எழுத்து மங்கிப்போகும். இன்னிக்கே ஜெராக்ஸ் எடுங்க. மேல் ஓரத்துல இருக்கற நம்பர், தேதி, நேரம் விழணும். கடைசிப் பக்கத்துல மட்டும் கையெழுத்து இருந்தா முன்பக்கத்தை மாத்திடலாம், கவனம்.

பதில் 2: ஸ்டாம்பை யாரும் கேக்கலியே? தமிழ்நாட்டுல சாதாரண அக்ரிமென்டுக்கு 2024 மே முதல் 200 ரூபாய். ஸ்டாம்ப் இல்லாத ஒரிஜினலுக்கு அபராதம் (பத்து மடங்கு வரை) கட்டி கோர்ட்டுல சேத்துக்கலாம். நகலுக்கு அந்த வழி கிடையாது, 2007-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஃபேக்ஸ் நகல்தான். பெங்களூருல ஸ்டாம்ப் வாங்கினா, இங்க கட்டவேண்டியதைவிடக் குறைவா இருந்தா வித்தியாசம் கட்டணும்.

கேள்வி: அப்ப அந்த பிடிஎஃப்?

பதில் 1: படம் யார் வேணா ஒட்டலாம். ஆதார் ஓடிபி இ-சைன் (ஓடிபி கொடுத்துப் போடற டிஜிட்டல் கையெழுத்து) கேளுங்க, இல்லைன்னா கிளாஸ் 3 டோக்கன் (யுஎஸ்பி-ல வர்ற டிஜிட்டல் கையெழுத்து). முதல் பக்கம் இ-ஸ்டாம்ப், பிறகு ரெண்டு தரப்பும் ஒரே ஃபைல்ல சைன். அடோபி ரீடர்ல திறந்தா மஞ்சள் கேள்விக்குறி வரும், பயப்படாதீங்க. சைன் மேல ரைட் கிளிக் பண்ணி, சர்ட்டிஃபிகேட்ல சிசிஏ இந்தியா ரூட்டை (டிஜிட்டல் கையெழுத்தைக் கண்காணிக்கற அரசு அமைப்போட தலைமைச் சான்று) சரிபாத்து, அதை நம்பகப் பட்டியல்ல சேத்து மறுபடி சரிபாத்தா பச்சை டிக். பேரு ஆதார்ல இருக்கறபடி வரும். அந்த ஆளுக்குக் கையெழுத்து அதிகாரம் தந்த போர்டு தீர்மான நகலையும் வாங்குங்க. பிரிண்ட் எடுத்தா அந்த டிக்குக்கு மதிப்பில்ல, ஃபைலையே பத்திரப்படுத்துங்க. கோர்ட்டுக்குப் போனா பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுச் சான்றோட ஹாஷ் எண் (ஃபைல் மாறலைன்னு காட்டற, கைரேகை மாதிரியான எண்) தரணும்.

பதில் 3: ஒண்ணு விட்டுட்டாங்க. டெபாசிட்டுக்குப் பதிலா ப்ரோநோட்டோ, பவர் பத்திரமோ கேட்டா இ-சைன் உதவாது. ரெண்டும் காகிதத்துல, மைக் கையெழுத்துதான். இ-சைன் வந்து டிக் விழுந்ததும் பணத்தைக் கட்டுங்க, வங்கி வழியா மட்டும்.