சூறாவளி வலுப்பெற மேற்பரப்பு வெப்பம் மட்டும் போதுமா?

அலைநோக்கி (கேள்வி):
2005 ஆகஸ்ட் 25 அன்று புளோரிடாவில் முதல் வகைச் சூறாவளியாகக் கரையைக் கடந்த கட்ரீனா, மெக்சிகோ வளைகுடாவுக்குள் புகுந்து, 28ஆம் தேதி மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் மிக வலிய வகையான ஐந்தாம் வகையை எட்டியது. வளைகுடாவின் மேற்பரப்பு நீர் அப்போது பரவலாக 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தது. அப்படியிருக்க, நடுக்கடலில் மட்டும் அது ஏன் அவ்வளவு வேகமாக வலுத்தது? 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும் என்னும் பாடநூல் விளக்கம் இதற்குப் பொருந்தவில்லையே.

நீரடி:
மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பதைவிட, அந்தச் சூடு எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதே இங்கு முக்கியம். புயல்காற்று கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்து கலக்கிறது. புயலுக்குக் கீழே கடல் குளிர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், காற்றுக்கு இழக்கும் வெப்பத்தின் பங்கு சிறிது. ஆகவே வெதுநீர் அடுக்கு மெல்லியதாக இருந்தால் புயல் தன் எரிபொருளைத் தானே கெடுத்துக்கொள்கிறது. கரீபியனிலிருந்து யுகடான் கால்வாய் வழியாக வரும் லூப் நீரோட்டத்திலும், அதிலிருந்து பிரியும் வெதுநீர்ச் சுழல்களிலும் 26 டிகிரி நீர் 100 மீட்டருக்கும் கீழே வரை உண்டு. கட்ரீனா அவற்றின் மேல்தான் சென்றது. அடுத்த மாதம் ரீட்டாவும் அந்நீரோட்டத்தைக் கடந்தே ஐந்தாம் வகையானது. ஆனால் கடல் மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டாம். மேலடுக்குக் காற்றும் சாதகமாக இருந்தது.

அலைநோக்கி:
நன்றி. அப்படியானால் மெதுவாக நகரும் புயல் கூடுதலாகப் பாதிக்கப்பட வேண்டுமே?

தென்றிசை:
ஆம். 2012இல் பெர்முடாவுக்குத் தெற்கே ஏறக்குறைய நின்றுவிட்ட லெஸ்லி, தானே மேலே இழுத்த குளிர்நீரால் வலுவிழந்தது. புயல் தன் பின்னே விட்டுச்செல்லும் இந்தக் குளிர்நீர்த் தடம் அதன் பாதைக்கு இருபுறமும் சமமாக அமைவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வட அரைக்கோளத்தில், பாதையின் வலப்புறத்தில் புயல் கடக்கும்போது காற்றின் திசை கடிகாரச் சுற்றில் திரும்புகிறது. பூமிச் சுழற்சியால் கடல்நீரின் ஓட்டமும் அதே போக்கில் திரும்புவதால், காற்று அதை விடாமல் தள்ளி, அப்பக்கத்தில் கலப்பை மிகுதியாக்குகிறது.

கழிமுகம்:
நம் வங்கக்கடலில் கணக்கு சற்று மாறும். பருவமழைக்குப் பின் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகள் கொட்டும் நன்னீர், கனம் குறைந்ததால் உப்புநீரின் மேல் தங்குகிறது. அடியிலுள்ள உப்பு மிகுந்த நீரும் வெதுவெதுப்பாகவே இருப்பதால், புயல் கலக்கினாலும் கடல் எளிதில் குளிர்வதில்லை. ஆகவே அங்கே உப்பின் அளவையும் பார்க்காமல் புயலின் வலிமையை மதிப்பிடுவது சரியாகாது.

நீரடி:
இதற்கு நேர் எதிரானது 2011இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் சென்ற ஐரீன். அங்குள்ள ஆழமற்ற கடலடித் திட்டில் கோடையிலும் அடியில் குளிர்நீர் தேங்கியிருக்கும். புயலின் கண் வருவதற்கு முன்பே காற்று அதைக் கலக்கிவிட்டது. ஐரீனின் பாதையைச் சரியாகக் கணித்த கணினி மாதிரிகள், அதன் வலிமையை மட்டும் மிகையாகக் கணித்தன.