ஈரல் தின்னா ரத்தம் ஊறுமா? ரத்தம் சுத்துதுன்னு கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு லேட்டு?

கோபிக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வாரம் தங்கச்சிக்கு டெஸ்ட் எடுத்ததுல ஹீமோகுளோபின் 8தான் இருக்குன்னு வந்துச்சு, உடனே எங்க ஆத்தா என்னைய கறிக்கடைக்கு முடுக்கிவிட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கியாரச் சொல்லிட்டாங்க. "ரத்தம் ஈரல்லதான்டா ஊறுது, அதத் தின்னாத்தான் ஊறும்"னு ஒரே பேச்சு. எலும்பு மஜ்ஜைலதான் உருவாகுதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சதச் சொன்னா, "கல்லு மாதிரி இருக்கற எலும்புக்குள்ள எங்கடா ஊத்து இருக்குது"ன்னு கேக்கறாங்க, எனக்கு பதில் வரலீங்க.

அப்பறம் ராத்திரி உக்காந்து தேடிப் பாத்தா ரோம் காலத்துல கேலன்னு ஒரு பெரிய டாக்டரு எங்க ஆத்தா சொன்னதையேதான் சொல்லிருக்காரு. ஈரல்ல ரத்தம் ஊறி ஒடம்பு பூரா போயி அங்கங்க தீந்துருமாம். 1628ல ஹார்விங்கற இங்கிலாந்து டாக்டரு வந்து இல்ல அது சுத்திச் சுத்தி வருதுன்னு சொல்ற வரைக்கும் ஆயிரத்து நானூறு வருசத்துக்கு மேல இதத்தான் நம்பிருக்காங்க. என்ர கேள்வி இதுதானுங்க, கெடா வெட்டாத ஊரு உண்டா, கழுத்துல கத்தி பட்டா துடிப்புக்குத் துடிப்பு பீச்சி அடிக்குது, அதப் பாத்துக்கிட்டே அத்தன பேரும் எப்படி கோட்ட விட்டாங்க?

கடமடை விவசாயி

தம்பி, கோட்டையெல்லாம் விடல, கண்ணு முன்னாடி இருந்தத வெச்சு யோசிச்சிருக்காங்க. நம்ம வாய்க்காத் தண்ணிய நெனச்சுக்கோ. அணையில தொறந்து விட்டா வாய்க்கால்ல வந்து, மடை வழியா பாத்திக்குப் போயி, பயிரு குடிச்சுருது. திரும்பி அணைக்கா போகுது? கேலன் சொன்னது அச்சா இதுதான். சோறு வயித்துல வெந்து சாறாகி ஈரலுக்குப் போயி ரத்தமாகுது, அங்கிருந்து ரத்தக்கொழாய் வழியா பாஞ்சு சதையா மாறிருது, அடுத்த வேள சோறு தின்னா அடுத்த தண்ணி. அவரு எழுத்துலயே தோட்டத்துக்குத் தண்ணி கட்டற உவமை வருதுன்னு படிச்சிருக்கேன். கடமடைல காடு வெச்சிருக்கறவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும், ஏன்னா எங்களுக்கு வந்து சேர்றதே மீதிதான் 😄

நாமக்கல் மாட்டு டாக்டர்

நாமக்கல்ல வெட்னரி படிச்சவன், அதனால கெடா வெட்டுக்கு நான் பதில் சொல்றேன்.

வெட்டும்போது பீச்சறது சரி. ஆனா செத்து ஆறிப்போன ஒடம்ப அறுத்தா தமனியெல்லாம், அதாவது இதயத்துல இருந்து ரத்தம் வெளிய போற கொழாயெல்லாம், கிட்டத்தட்ட காலியாத்தான் இருக்கும், ரத்தம் பூரா இதயத்துக்குத் திரும்பி வர்ற கொழாயான சிரைப் பக்கம் போயிருக்கும். இதப் பாத்துட்டுத்தான் அலெக்சாண்ட்ரியால எராசிஸ்ட்ராட்டஸ்னு ஒருத்தரு, கி.மு. 3ஆம் நூற்றாண்டு, தமனில ஓடறது காத்துதான்னு சொல்லிட்டாரு. அப்ப உயிரோட வெட்டுனா ஏன் ரத்தம் வருதுன்னு கேட்டா, காத்து வெளிய போனதும் அந்த எடத்த ரொப்ப பக்கத்துக் கொழாய்ல இருந்து ரத்தம் ஓடியாருதுன்னு அதுக்கும் ஒரு பதில் வெச்சிருந்தாரு. இத ஒடச்சதே நம்ம கேலன்தான். உயிருள்ள மிருகத்தோட தமனிய ரெண்டு எடத்துல நூலு போட்டு இறுக்கிக் கட்டி நடுவுல கீறுனாரு, உள்ள ரத்தம்தான் இருந்துச்சு, வெளிய இருந்து ஓடியார வழியே இல்ல. ஆளு லேசுப்பட்டவரு இல்லீங்க.

அவருக்கு இருந்த சிக்கலு என்னன்னா மனுச ஒடம்ப அறுக்க முடியல, கொரங்கு, பன்னி, மாடு, ஆடுன்னு அறுத்துட்டு மனுசனுக்கும் அப்படித்தான்னு எழுதிட்டாரு. ஆட்டுத் தலைல மூளைக்கு அடியில பொடிப்பொடி ரத்தக்குழாய் சேந்து ஒரு வலை மாதிரி இருக்கும், மூளைக்குப் போற ரத்தத்தச் சூடு கொறைக்கறது அதோட வேலை, காலேஜ்ல அறுத்துப் பாத்திருக்கோம். மனுசனுக்கு அது கெடையாது. கேலனோ மனுசனுக்கும் உண்டு, அங்கதான் மூளைக்கான உயிர்க்காத்து தயாராகுதுன்னு எழுதி வெச்சாரு. 1543ல வெசாலியஸ்னு ஒரு ஒடற்கூறு வாத்தியார் மனுச ஒடம்ப அறுத்துப் பாத்து புத்தகம் போட்டப்பதான் அந்த வலை இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொன்னாரு.

இன்னொண்ணு, இதயத்துக்கு நடுச்சுவத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குது, அது வழியா வலது பக்கத்து ரத்தம் எடது பக்கம் கசியுதுன்னும் கேலன் சொன்னாரு. அப்படி ஓட்டையே கெடையாது, ரத்தம் நுரையீரலச் சுத்தித்தான் எடப்பக்கம் வருதுன்னு 13ஆம் நூற்றாண்டுலயே இப்னு அல்-நஃபீஸ் அரபில எழுதிட்டாரு, கெய்ரோல இருந்தவரு, 1288ல எறந்தாரு. நம்ம காளிங்கராயன் வாய்க்கா வெட்டுன காலம்னு வெச்சுக்கோங்க. அந்தக் கையெழுத்துப் பிரதி 1924லதான் பெர்லின் நூலகத்துல மறுபடி கண்ணுல பட்டுச்சு.

கணபதி மோட்டார்கடை

நான் டாக்டர் இல்ல, பம்புக்காரன். கோயமுத்தூர்ல தடுக்கி விழுந்தா ஒரு பம்பு கம்பெனி மேலதான் விழுவோம், அதனால ஹார்வி கதையில எனக்குப் புடிச்சதே ஃபுட் வால்வுதான்.

கெணத்துல பைப்புக்கு அடியில ஃபுட் வால்வு எதுக்குப் போடறோம், மேல ஏறுன தண்ணி மோட்டார நிறுத்துனா திரும்பி எறங்கிரக் கூடாதுன்னு. அதே மாதிரி சிரைக்குள்ள குட்டிக் கதவு இருக்குதுன்னு 1603ல பாப்ரிசியஸ் படம் போட்டுக் காட்டிட்டாரு, இத்தாலில படுவா காலேஜ்ல வாத்தியார், ஹார்வி அவருகிட்ட படிச்ச பையன். வாத்தியார் என்ன நெனச்சாருன்னா ரத்தம் மொத்தமும் கை காலுக்கு எறங்கித் தேங்கிராம இது தாமசப்படுத்துதுன்னு. பையன் பாத்தான், கதவெல்லாம் இதயத்தப் பாத்துத்தான் தொறக்குது, இது தடுப்பு இல்ல, ஒருவழிப் பாதைன்னு புடிச்சுட்டான்.

இத வீட்டுலயே பாக்கலாமுங்க. முழங்கைக்கு மேல துண்டால கட்டுங்க, ரொம்ப இறுக்க வேண்டாம், சிரை பொடச்சு வரும், நடுவுல அங்கங்க முடிச்சு மாதிரி தெரியறது வால்வு. ஒரு வெரல சிரை மேல அமுத்தி வெச்சுட்டு இன்னொரு வெரலால அங்கிருந்து தோள் பக்கமா அடுத்த முடிச்சத் தாண்டி வழிச்சு விட்டா நடுவுல இருக்கற துண்டு சப்பிப் போயிரும், மேல இருந்து ரத்தம் எறங்காது, அமுத்துன வெரல எடுத்தாத்தான் கீழிருந்து ரொம்பும். ஹார்வி புத்தகத்துல கைப் படமே போட்டு இதத்தான் காட்டிருக்காரு.

அப்பறம் கணக்கு. இதயம் ஒரு துடிப்புக்கு ரொம்பக் கம்மியா தள்ளுதுன்னு வெச்சுக்கிட்டாலும், அரை மணி நேரத்துல ஆயிரம் துடிப்புக்கு மேல போகுதே, பெருக்கிப் பாத்தா ஒடம்புல இருக்கற மொத்த ரத்தத்தையே தாண்டுது, தின்ன சோத்துல இருந்து அவ்வளவு எப்படி ஊறும்? இன்னைக்குக் கணக்குக்கு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி, நிமிசத்துக்கு 5 லிட்டர், நாளைக்கு 7,000 லிட்டர். தண்ணி லாரி கணக்கு. ஆத்தா ஒரு நாளைக்கு 7,000 லிட்டர் ஊறுதான்னு கேட்டுச் சொல்லுங்க 😂

நாமக்கல் மாட்டு டாக்டர்

அண்ணா கணக்கு சூப்பரு, ஒரே ஒரு திருத்தம். ஹார்வின்னாலே பம்புன்னு நாமதான் சொல்றோம், அந்தப் புத்தகத்துல அவரு பெருசா புடிச்சுக்கிட்ட உவமை மழைங்க. ஈர மண்ணு வெயில்ல காஞ்சு ஆவியா மேல போயி மழையா எறங்குதே, அது மாதிரி ரத்தமும் வட்டம் போடுதுன்னு, அரிஸ்டாட்டில் வழியில வந்த பேச்சு. இதயத்த சூரியன்னும் சொல்லுவாரு. புதுசா ஒண்ணக் கண்டுபிடிச்ச மனுசன் பழைய ஆளுக பாசையிலதான் பேசறாரு, எனக்கு அதுதான் ஆச்சரியம்.

அவரால காட்ட முடியாத எடமும் ஒண்ணு இருந்துச்சு. தமனில போற ரத்தம் சிரைக்கு எப்படி மாறுதுன்னு அவரு கண்ணால பாக்கவே இல்ல. அவரு 1657ல செத்து நாலு வருசம் கழிச்சு 1661ல மால்பிகின்னு ஒரு இத்தாலி டாக்டரு மைக்ரோஸ்கோப்புல தவளை நுரையீரல வெச்சு ரெண்டையும் சேக்கற பொடி நுண்குழாய்களப் பாத்தாரு.

தாராபுரம்

ஆத்தாவ ரொம்பக் கிண்டல் பண்ணாதீங்க சாமி. விப்பிள்ங்கறவரு நாய்களுக்கு ரத்தத்த எடுத்துச் சோகை வர வெச்சு வகைவகையா தீனி போட்டுப் பாத்ததுல ஈரல் தின்ன நாயிக்குத்தான் வெரசா ரத்தம் ஏறுச்சு. அதப் பாத்துட்டு மைனாட், மர்ஃபின்னு ரெண்டு பேரு அன்னைக்கு ஆளையே கொல்ற ஒரு வகைச் சோகைக்கு தெனமும் ஈரல் குடுத்து 1926ல பொழைக்க வெச்சுக் காட்டுனாங்க, மூணு பேருக்கும் 1934ல நோபல். வேடிக்கை என்னன்னா நாயிக்கு வேல செஞ்சது ஈரல்ல இருந்த இரும்புச் சத்து, மனுசனுக்கு வேல செஞ்சது பி12 வைட்டமின், அதப் பிரிச்செடுத்தது 1948ல. வயித்துல இருக்கற சிசுவுக்கு கொஞ்ச மாசம் ஈரல்தான் ரத்தமே உண்டாக்குது, அதையும் ஆத்தாகிட்டச் சொல்லுங்க, இன்னொரு பிடி சோறு சேத்துப் போடுவாங்க. தங்கச்சிக்கு எந்தச் சத்து கம்மின்னு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க.

சூலூர் வைத்தியர் பேரன்

எல்லாரும் கிரேக்கத்துலயே நிக்கறீங்க. அவங்களுக்கு ஒடம்ப நடத்தறது ரத்தம், சளி, மஞ்சப் பித்தம், கருப்புப் பித்தம்னு நாலு, நமக்கு வளி, அழல், ஐயம்னு மூணு, குறள்லயே "வளிமுதலா எண்ணிய மூன்று"ன்னு வருது. எங்கப்பாரு மூணு வெரல வெச்சு நாடி பாப்பாரு. ரத்தம் சுத்துதா இல்லையாங்கறதே அவருக்குத் தேவப்படல. கேலனும் அப்படித்தான், சுத்துதுன்னு தெரியாமயே நாடியப் பத்தி எக்கச்சக்கமா எழுதிருக்காரு.

கோபிக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கறியோட ஒரு இதயமும் கேட்டு வாங்கியாந்தேன். குறுக்க அறுத்துப் பாத்தா எடது பக்கத்துச் செவுரு வலதப் போல ரெண்டு மூணு மடங்கு தடிமனுங்க. நடுச்செவுத்துல சீமாத்துக் குச்சிய விட்டு அங்க இங்க குத்திப் பாத்தேன், குழியாட்டம் இருக்கற எடத்துலயும் குச்சி முட்டி நிக்குது, எந்தப் பக்கமும் போகல. தங்கச்சி பக்கத்துல நின்னு வீடியோ எடுத்துட்டு இருந்தா, ஆத்தா வந்து பாத்துட்டு "கொழம்புக்கு வாங்குன கறியக் குச்சில குத்தி வெளையாடறயேடா"ன்னு புடுங்கிட்டுப் போயிட்டாங்க. 7,000 லிட்டரு கேக்கறதுக்குள்ள சட்டி அடுப்புல ஏறிருச்சுங்க.