மயக்க மருந்து ப்ரொபோஃபால் போட்டதும் பிரஷர் இறங்குது, மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டதும் எகிறுது. டோஸ் பத்தலையா?

பிஜி_2: பிரஷர் மாத்திரை எடுக்கும் 60 கிலோ நோயாளி. வலி அடக்கும் ஃபென்டனில் 120 மைக்ரோகிராம், கையோடு ப்ரொபோஃபால் 120 மி.கி., தசையைத் தளர்த்தும் ரோகுரோனியம் 40 மி.கி., ஒன்றரை நிமிடத்தில் லாரிங்கோஸ்கோப் (ட்யூப் போட தொண்டையைத் திறந்து காட்டும் பிளேடு). அதற்குள் சிஸ்டாலிக் (மேல் பிரஷர்) 95. ட்யூப் போனதும் 190, பல்ஸ் 120. ப்ரொபோஃபாலை 50 மி.கி. கூட்டலாமா?

தியேட்டர்_3: கூட்டாதீங்க. ப்ரொபோஃபால் தூங்க வைக்கும், ரத்தக்குழாயைத் தளர்த்தும், வலியை அடக்காது. நாக்கின் அடியை பிளேடு தூக்கும்போது 9, 10-ஆம் கபால நரம்புகள் வழியே தூண்டல் மூளைத்தண்டுக்குப் போய், பிரஷரையும் பல்ஸையும் ஏற்றும் சிம்பதெடிக் நரம்புப் பக்கம் மொத்தமாக விழித்துக்கொள்ளும். அதை மழுக்குவது ஃபென்டனில்தான். உங்கள் டோஸ் சரி, நேரம்தான் தப்பு: முழு வேலை காட்ட அதற்கு 3 முதல் 5 நிமிடம் வேண்டும். முதலில் அந்த 120 மைக்ரோகிராம் ஃபென்டனிலை (2.4 மி.லி.) போட்டுவிட்டு ஆக்சிஜன் கொடுங்கள், 3 நிமிடம் கழித்து ப்ரொபோஃபாலை மெதுவாக ஏற்றுங்கள். இப்போது 80, 90 மி.கி.யே போதுமானதாக இருக்கும்.

கேஸ்_ஷீட்: ப்ரொபோஃபாலுக்குப் பதில் எட்டோமிடேட் என்ற தூக்க மருந்துக்கு மாறினால் தீர்ந்தது என்று சிலர் நினைப்பார்கள். இண்டக்‌ஷனில் (மயக்கம் தொடங்கும்போது) பிரஷர் அவ்வளவாக இறங்காது, உண்மை. ஆனால் ட்யூபுக்கு வரும் எகிறலை அது தொடவே தொடாது. ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு இல்லாமல் போட்டால் 200-ஐப் பார்ப்பீர்கள். இஸ்கீமியா (இதயத்துக்கு ரத்தம் பத்தாமல் போவது) பயம் இருந்தால், பல்ஸைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எஸ்மோலால் 30 மி.கி., பிளேடு வைக்க ஒன்றிரண்டு நிமிடம் முன். பல்ஸை நன்றாகப் பிடிக்கும், பிரஷரை அவ்வளவு இல்லை. ஆஸ்துமா, ஹார்ட் பிளாக் என்றால் வேண்டாம். இந்த எகிறலுக்கு ஊசியாகப் போடும் மரப்பு மருந்து லிக்னோகைன் 90 மி.கி.யை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

பிஜி_2: நன்றி சார். 190 வந்துவிட்டால் மயக்க வாயு கொடுக்கும் வேப்பரைசரை முழுசாகத் திறக்கலாமா?

தியேட்டர்_3: அங்கேதான் அடுத்த பள்ளம். அந்த ஏற்றம் 5, 10 நிமிடத்தில் தானே வடியும். நீங்கள் திறந்த ஐசோஃப்ளூரேன் வாயு சரியாக அந்த நேரத்தில், பெயின்டிங் டிரேப்பிங் (தோலில் மருந்து தடவி துணி போர்த்துவது) நடக்கும்போது, எந்தத் தூண்டலும் இல்லாதபோது வேலை காட்டும்; பிரஷர் 70-ஐப் பார்த்துவிட்டு, அதை ஏற்ற மெஃபென்டெர்மின் தேடுவீர்கள். காலையில் ஏஆர்பி வகை பிரஷர் மாத்திரையும் போட்டிருந்தால் இன்னும் மோசம். பிளேடை வாயில் 15 நொடிக்கு மேல் வைக்காமல் இருப்பதே பாதி மருந்து.

கேஸ்_ஷீட்: 5 நிமிடம் தாண்டியும் பல்ஸ் 120-லேயே நின்றால், மருந்தைத் தொடும் முன் பல் அருகே ட்யூப் மார்க்கைப் பாருங்கள். பெண்ணுக்கு 24 செ.மீ. என்றிருந்தால் நுனி கரைனாவை (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) இடித்துக்கொண்டிருக்கலாம்; 21-க்கு இழுத்து, இரண்டு பக்கமும் காற்று கேட்கிறதா பார்த்து ஒட்டுங்கள்.