கருக்கலைப்புக்குக் கணவரின் கையெழுத்து தேவையா?

கேள்வி: எட்டு வாரக் கருவைக் கலைக்க விரும்பிய என் தங்கையை, கணவரின் கையெழுத்து இல்லை என்று தனியார் மருத்துவமனை ஒன்றில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறதா?

மறுமொழி 1: இல்லை. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த, மனநலம் பாதிக்கப்படாத பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதும். ஒப்புதல் படிவமான ‘சி’ படிவத்தில் அவர் கையெழுத்திட்டால் போதுமே தவிர, கணவரோ மாமியாரோ பெற்றோரோ ஒப்ப வேண்டியதில்லை. 20 வாரம் வரை மருத்துவர் ஒருவரின் கருத்தே போதுமானது.

மறுமொழி 2: குடும்பத்தாரின் ஒப்புதல் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகக் கூறியிருக்கிறது. தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: அலைக்கழிப்புக்கு அஞ்சி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட வேண்டாம், சகோதரி. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு நாளையே அழைத்துச் செல்லுங்கள்.