"ஏர் சஸ்பென்ஷன்": தொங்கலா, தாங்கலா?

கையேட்டை மொழிபெயர்ப்பவர், செங்கல்பட்டு

குழுமத்தாருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவருக்கான பத்துப் பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய அம்பாசிடரின் பின் சக்கர அச்சில் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு ஏர் சஸ்பென்ஷன் பொருத்துவது எப்படி என்பதுதான் பொருள். வரைவு இத்துடன். 'காற்றுத் தொங்கல்' என்று போட்டேன். "எது எதில் தொங்குகிறது?" என்கிறார் பயிற்றுநர். லீஃப் ஸ்பிரிங், வண்டியின் எடையைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பையான ஏர் பேக், அச்சைப் பிடிக்கும் நான்கு கோல்களான ஃபோர் லிங்க் ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும்.

தமிழாசிரியர், மதுரை

பயிற்றுநர் கேட்டது சரி. கூண்டைத் தோல் வாரில் தொங்கவிட்ட குதிரை வண்டிக் காலத்துப் பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? தாங்குவது தாங்கல். 'காற்று' பேச்சுக்குப் போதும், கலைச்சொல்லுக்கு 'வளி'. கரிகாலனின் முன்னோனை "வளிதொழில் ஆண்ட உரவோன்" என்கிறது புறநானூறு 66. காற்றை வேலை வாங்கியவன் என்று பொருள். இங்கே நடப்பதும் அதுவே. ஆகவே வளித்தாங்கல். பைக்குத் துருத்தி.

பட்டறைக்காரர், கோவை

துருத்தி காற்றை வெளியே தள்ளும் சாமான் ஐயா. எங்கள் பை அதைச் செய்தால் ஓட்டை என்போம்.

பெயருக்கு முன் வேலையைப் பார்ப்போம். பட்டை எடையைச் சுமக்கிறது. அதோடு அச்சு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகராமல், பிரேக்கிலும் ஆக்சிலரேட்டரிலும் உருளாமல் பிடித்துக்கொள்கிறது. பைக்கு மேலும் கீழும் தள்ளத்தான் தெரியும். பட்டையை எடுத்துப் பையை மட்டும் வைத்தால் பிரேக் பிடித்ததும் அச்சு பின்னுக்கு இழுபடும், பை கோணிக்கொண்டு கிழியும். அதனால்தான் கீழே இரண்டு கோல், மேலே இரண்டு கோல். நான்கும் ஒன்றுக்கொன்று இணையாகப் போனால் பக்கவாட்டைப் பிடிக்க, அச்சையும் வண்டியின் உடலையும் குறுக்காக இணைக்கும் பான்ஹார்டு கோல் தனியாக வேண்டும். மேல்கோல்களை முக்கோணமாகச் சாய்த்தால் வேண்டாம்.

ஒரே வரியில் 'பட்டைக்குப் பதில் பை' என்று எழுதிவிட்டால் பையன்கள் அப்படியே செய்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

வளி எங்களுக்குப் புதுச் சொல் இல்லை. ஏசியை வளிச்சீராக்கி எண்டுதான் எழுதுறம். ஆனால் லீஃப் ஸ்பிரிங்குக்கு ஏன் தேடுறீங்கள்? வில்வண்டி எண்ட சொல்லிலேயே அது கிடக்குது. மாட்டு வண்டிக்குக் கீழே இருந்த அதே வில்தான். சுருளாயிருந்தால் சுருள்வில், காற்றாயிருந்தால் காற்றுவில்.

தமிழாசிரியர், மதுரை

வளைவது வில். காற்று வளையுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து

சுருள்வில் எந்த அம்பை விட்டது ஐயா?

கையேட்டை மொழிபெயர்ப்பவர், செங்கல்பட்டு

தாங்கலில் ஒரு சிக்கல். எங்கள் பக்கம் தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கல் இந்த மாவட்டம்தான். வடக்கே போனால் பழவந்தாங்கல். 'வளித்தாங்கல்' என்றால் எந்த ரயில் நிலையம் என்று கேட்பார்கள்.

தமிழாசிரியர், மதுரை

ஏரியும் நீரைத் தாங்குவதால் பெற்ற பெயர்தானே! வேர் ஒன்றே. தாங்கு, தங்கு, தாங்கி...

பட்டறைக்காரர், கோவை

வேர் இருக்கட்டும், எண்ணைப் பார்ப்போம். வரைவின் ஐந்தாம் பக்கத்தில் காற்றழுத்தம் தப்பு. பையின் பயனுறு விட்டம் 15 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 177 ச.செ.மீ. வண்டியின் ஒரு பக்கத்தில் 225 கிலோ நின்றால் ச.செ.மீ.க்கு 1.27 கிலோ, அதாவது 18 பி.எஸ்.ஐ. இது பை அச்சின் மேல் நேராக உட்கார்ந்தால். கீழ்க்கோலின் நடுவில் வைத்தால் நெம்புகோல் கணக்கில் சுமை இரட்டிப்பாகி 36 ஆகும். எந்த இடம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போடக்கூடாது.

'நான்கிணைப்பு' என்று எழுதியிருப்பதும் ஆபத்து. அதே பக்கத்தில் காற்றுக் குழாய்க்கும் 'இணைப்பு' வருகிறது. இடது, வலது பைகளை ஒரே டி வடிவ மூட்டில் இணைத்தால் வளைவில் சுமை ஏறிய பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி சரியும். இரண்டுக்கும் தனித்தனி வால்வு, தனித்தனிக் குழாய். நைலான் குழாயைக் கத்தியால் சாய்வாக வெட்டாமல் குழாய் வெட்டியால் நேராக வெட்டச் சொல்லுங்கள். சாய்ந்த முனைதான் கசியும். சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். லிங்கை 'நாற்கோல்' என்றே விடலாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, தகட்டு உடலே சட்டம். பட்டையின் சுமை அதன் முன்முனை வளையமான முன்கண்ணிலும், பின்முனையை உடலோடு கோக்கும் ஷேக்கிளிலுமாகப் பிரிந்து இறங்கியது. இப்போது பைக்கு மேலே ஒரே இடத்தில் ஏறும். அங்கே குறுக்காகப் பெட்டிக்குழாய் வைத்து, தடித்த தகட்டால் சுமையைப் பரப்பாமல் பற்றவைத்தால் தரைத்தகடு வெடிக்கும். அச்சுக் குழாயில் பிராக்கெட் வைக்கும்போதும் ஒரே மூச்சில் பற்றவைக்காமல் விட்டுவிட்டு வைக்க வேண்டும். இல்லையேல் குழாய் வளையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

பம்ப் ஸ்டாப்புக்கு?

பட்டறைக்காரர், கோவை

முட்டுக்கட்டை.

தமிழாசிரியர், மதுரை

அருமை. மறுப்பில்லை.

பட்டறைக்காரர், கோவை

அதைக் கட்டாயம் போடுங்கள். காற்று இறங்கினால் வண்டி ரப்பர் முட்டுக்கட்டையில் உட்கார வேண்டும், பையின் மேல் அல்ல. மேலே எழும்பும்போதும் பை முழுதாக நீளும் முன் நாடாவோ ஷாக் அப்சார்பரோ நிறுத்த வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே கொஞ்சம் ஆட்டத்தை அடக்கின. பையில் அந்த உரசல் இல்லாததால் பழைய ஷாக் அப்சார்பர் போதாது.

கையேட்டை மொழிபெயர்ப்பவர், செங்கல்பட்டு

நேரமில்லை. இப்படிப் போடுகிறேன்: முழு அமைப்புக்குக் 'காற்றுத் தாங்கமைப்பு', பைக்குக் 'காற்றுவில்', லீஃப் ஸ்பிரிங்குக்குப் 'பட்டைவில்', மற்றது நாற்கோல், முட்டுக்கட்டை. பதில் சொன்னவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் சரி என்றதாக எடுத்துக்கொள்கிறேன்.

பட்டறைக்காரர், கோவை

படத்தில் 'பெல்லோ' என்றும் எழுதுங்கள். கடையில் காற்றுவில் கேட்டால் கடைக்காரர் வெளியே வந்து பார்ப்பார்.

தமிழாசிரியர், மதுரை

அந்த ஒருவர் நானே. 'வளி'யை விட்டதற்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். 'தாங்கமைப்பு' நல்ல வினைத்தொகை: தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் அமைப்பு. பை கிழிந்த அன்று முதலாவது மட்டும் பொருந்தும். அச்சில் 'காற்றுத்' என்பதன் ஒற்றை விட்டுவிடாதீர்கள்.