புதுப்பிப்பு: மின்ட் 22-க்கு ஏத்தியாச்சு

என் கணினில இருக்கிற லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்) 21.3-க்கு மேலயே 22-ஐ ஏத்தலாமா, துடைச்சுட்டுப் புதுசாப் போடணுமான்னு போன வாரம் கேட்டிருந்தேன். மேலயே ஏத்திட்டேன். டைம்ஷிஃப்ட்ல (கணினியோட நிலையை அப்படியே சேமிச்சு வைக்கிற மென்பொருள்) ஒரு நகல் எடுத்து வைன்னு சொன்ன அண்ணனுக்கு நன்றி. (எடுக்காம மின்ட்டை ஏத்துற கருவி நகரவே விடலைங்கிறது வேற விஷயம்.)

யாங்கோன்ல கரண்டை நம்பி எதையும் தொடங்க முடியாது. ராத்திரி 11 மணிக்கு வந்துச்சு, உட்கார்ந்தேன். எல்லாம் இறங்கி, பதிய ஆரம்பிச்சதும் போயிடுச்சு. பேட்டரில 70 சதவீதம் இருந்ததால தப்பிச்சேன்.

வேகம் அப்படியேதான். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் இப்போ விட்டு விட்டுக் கேட்கலை. சத்தத்தைக் கையாள பைப்வயர்ங்கிற புது மென்பொருள் வந்ததாலயா இருக்கும்.

தலைவலி வேற இடத்துல. அப்பாவோட கடைக் கணக்கு பர்மிய மொழில, யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) ஒத்துவராத பழைய ஜாவ்ஜி எழுத்துருல இருக்கு. அந்த எழுத்துரு நான் வெளியிலிருந்து போட்ட மென்பொருள் பொதி, மின்ட்டை ஏத்தும்போது கழண்டுடுச்சு. கோப்பைத் திறந்தா உயிர்க்குறி ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம். "என்னடா, கடன்காரன் பேரெல்லாம் காணோம்?"ன்னார் அப்பா. 2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுக்கு மாறினப்போ நானும் மாத்தியிருக்கணும். இப்போ எழுத்துருவைத் திரும்பப் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பா மாத்தணும்.